கட்டிலில் கிடந்த கல்

ஐவலீன் உப்புத்தீவில் பிறந்தவள் அல்ல. பக்கத்துத் தீவான கரியக்கூவின் கிழக்குக் கரையில் பெத்தல் வீட்டுப் பெண். அவளுடைய அப்பா ஜோசையா பெத்தலும் என் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணனும் ஒரே படகில் போய் ஒரே புயலில் செத்தவர்கள். ஒன்றாகக் கடலில் போனவர்களின் வீடுகள் எங்களிடம் உறவு, அந்த வகையில் அவள் எனக்கு உறவுதான். ஆனால் என் பெரியம்மா மகன் கனூட்டைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து வேறு எந்த முறையும் வேண்டாமென்று அண்ணி என்றே கூப்பிட்டு வந்தேன். அவளுக்கு நான் தம்பி.

உப்புத்தீவில் பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு குன்று, கோடையில் காய்ந்து உப்பாகிற ஒரு குளம், ஒரு புளியமரம், யாருடையது என்று தெரியாத ஆடுகள். படகுத்துறை கிடையாது. அலை பின்வாங்கும் நேரம் பார்த்துக் குதித்துக் கரையேற வேண்டும். கனூட்டின் காலத்தில் ஏழெட்டு அடுப்பு எரிந்தது. கம்ப்டன் குடும்பம் எண்ணெய் வேலைக்கு டிரினிடாட் போனது. கனூட்டின் தம்பிமார் இருவரும் அரூபா போய், அங்கிருந்து புரூக்லின் போனார்கள். ஈனோ குடும்பத்தில் கிழவர் மட்டும் மிஞ்சினார், பிறகு அவரும் இல்லை. காலி வீடுகளைக் காற்று பிரித்துக்கொண்டு போனது. இப்போது கல் படிகள்தான் நிற்கின்றன. அவற்றில் ஆடுகள் ஏறி உட்கார்ந்திருக்கும்.

கனூட் ஒரு காலை மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். புளியமரத்தடியில் புதைத்தோம்.

எங்களிடம் சாவுக்கு இரண்டு பாகம். புதைப்பது ஒன்று, கல் வைப்பது இன்னொன்று. புதைத்தால் உடம்புதான் போகும். கல் வைத்தால்தான் ஆள் போவான். பெயர் வெட்டி அந்தக் கல்லைச் செய்து வீட்டுக்குக் கொண்டுவந்து, செத்தவன் படுத்த கட்டிலிலேயே கிடத்தி, வெள்ளைத் துப்பட்டி போர்த்தி வைப்போம். எல்லா நாட்டிலிருந்தும் சொந்தம் வந்து சேர்கிற நாளில், அவன் பெற்ற பிள்ளை அந்தத் துப்பட்டியை உருவ வேண்டும். பிறகு ரம் தெளித்து, சுமந்து போய், குழிமேல் வைத்து, அவன் அறையில் ஒரு தட்டுச் சோறு படைத்து, பறை அடித்துச் சாப்பிடுவோம். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. துப்பட்டியை உருவிவிட்டால் சூரியன் கடலில் இறங்குமுன் கல் வீட்டைவிட்டுப் போயாக வேண்டும். துணி நீங்கிய கல் ஒரு ராத்திரி வீட்டில் தங்கினால் அந்த ஆள் அப்புறம் போகவே மாட்டான். அதனால் எல்லாம் தயாராகும்வரை அந்தத் துணியை யாரும் தொடுவதில்லை.

கனூட்டுக்குப் பிள்ளை ஒன்றுதான், செல்மா. இங்கிலாந்தில் நர்ஸ் வேலை. கல்லை நானும் என் அக்கா மகன் நார்லனும் படகில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். கனூட் தன் கையால் படகு மரத்தில் செய்த அகலக் கட்டிலில் கிடத்தினோம். "அடுத்த வருஷம் வந்துடறேம்மா" என்று செல்மா சொல்லியிருந்தாள். அந்த வருஷம் அவள் பிள்ளைக்குப் பரீட்சை. அதற்கடுத்த வருஷம் வேலையில் விடுப்பு இல்லை. பிறகு அவள் ஏதோ ஒரு சபையில் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டோம். தேதி சொல்வதை நிறுத்திவிட்டாள்.

வீட்டில் ஒரு அறை, ஒரு கூடம். ஐவலீன் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தாள். அறை வாசலைக் கடக்கும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

"அத்தை, அவர் உயிரோட இருந்தப்ப நீங்க இந்த மரியாதை கொடுத்து நான் பார்த்ததே இல்லையே" என்பான் நார்லன்.

"அப்போ அவர் திருப்பிப் பேசுவார்டா. அதனால கத்தினேன்" என்பாள் அவள்.

வெளியாட்கள் அவ்வப்போது வருவார்கள், பாய்ப்படகில், வெயிலில் சிவந்துபோய். ரோடு இல்லாத, விளக்கு இல்லாத, ஆளே இல்லாத தீவைத் தேடி வருகிறவர்கள். ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்று கண்டதும் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும். அதை ஐவலீன் பொருட்படுத்த மாட்டாள். மீன் சாறு கொடுப்பாள், உட்காரச் சொல்வாள். அவர்கள் உன் ஊர் அழகு என்பார்கள், இவள் உன் அம்மா உயிரோடு இருக்கிறாளா என்பாள்.

அப்படி வந்தவர்கள்தான் டென்மார்க் தம்பதி, யென்ஸும் அவன் மனைவி கிர்ஸ்டனும். முதல் முறை வந்தபோது கடல் புரட்டி எடுத்தது. கரையில் படுக்க இடம் கிடைக்குமா என்று கேட்டார்கள்.

"அறையில என் வீட்டுக்காரர் படுத்திருக்காரே" என்றாள் ஐவலீன்.

அவள் பொய் சொல்லவில்லை. எங்களில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்போம். அந்த இருவரும் கிளம்பும்வரை கிசுகிசுவென்றே பேசினார்கள். கரண்டி தட்டில் பட்டால்கூடப் பதறினார்கள். அதன்பின் குளிர்காலம்தோறும் வந்தார்கள். வந்ததும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மெல்லிய குரலில், "அவருக்கு இப்போ எப்படி இருக்கு?" என்பார்கள்.

"அப்படியேதான் இருக்கார்" என்பாள்.

நார்லன் சிரிப்பை அடக்க முடியாமல் கடலுக்கு ஓடுவான்.

இப்படியே இருந்தவளுக்குக் கண் மங்கத் தொடங்கியது. குளத்தோரப் பாறையில் விழுந்து இடுப்பில் அடிபட்டு, அடுப்பு எரியாமல் கிடந்தாள். ஏதாவது வேண்டுமென்றால் கரியக்கூவிலிருந்து எங்கள் கண்ணில் படும்படி தீவின் முனையில் சிவப்புத் துணி கட்டுவது அவள் வழக்கம். அதைக் கட்டக்கூட எழ முடியவில்லை. நாங்கள் தற்செயலாகப் போனதால் பிழைத்தாள்.

"போதும் அண்ணி. கரியக்கூவுக்கு வந்துடு. என் வீட்டுப் பின்னறை சும்மாதானே கிடக்கு" என்றேன்.

"கல்லு போகட்டும் தம்பி. அன்னைக்கே வர்றேன். அவரை இப்படிப் போட்டுட்டு எப்படி வர்றது?"

அதனால் செல்மா வருவது என்பது இனிமேல் கல்லின் காரியம் மட்டும் இல்லை என்றாகிவிட்டது. அவள் வந்து துணியை உருவினால் இவள் தீவைவிட்டு இறங்குவாள். இல்லையென்றால் ஒருநாள் நாங்கள் தாமதமாகப் போய்ச் சேருவோம்.

செல்மா வந்தாள். கிறிஸ்துமஸ் காற்று வீசுகிற பருவத்தில், கிரெனடாவில் அவள் சபைக் கூட்டம் ஒன்றுக்கு. அம்மாவுக்கு ஒரு பகல் ஒதுக்கியிருந்தாள். நார்லனும் நானும் படகில் ஏற்றிக்கொண்டோம். வெள்ளைச் சப்பாத்து, அகலத் தொப்பி, மடியில் ஒரு பை.

"சித்தப்பா, முன்னாடியே சொல்லிடறேன். அம்மாவைப் பார்க்கத்தான் வர்றேன். கல்லு கில்லுன்னு ஆரம்பிக்காதீங்க. செத்தவங்களுக்குச் சோறு படைக்கிறதெல்லாம் எங்க சபையில கிடையாது."

"நான் என்னம்மா சொல்லப் போறேன்" என்றேன்.

"கரை ஏறும்போது அந்தச் சப்பாத்தைக் கழற்றிக்க. அலைக்கு எந்தச் சபையும் தெரியாது" என்றான் நார்லன்.

அவள் கழற்றவில்லை. குதித்தவள் இடுப்பளவு தண்ணீரில் விழுந்து, தொப்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஐவலீன் கரையில் நின்றிருந்தாள். மகளைக் கட்டிக்கொள்ளவில்லை. கிட்டே போய், கண் மங்கல் அல்லவா, முகத்தை விரல்களால் தடவிப் பார்த்தாள்.

"உங்க அப்பன் தாடை" என்றாள். "தங்குவியா?"

"சாயங்காலமே போகணும்மா."

ஐவலீன் அதன்பின் கல்லைப் பற்றி வாயே திறக்கவில்லை. அடுப்பில் பெரிய பானையை ஏற்றினாள். நாலு பேருக்கு எதற்கு அந்தப் பானை என்று நான் கேட்கவில்லை. துவரை போட்ட சோறும் மீன் குழம்பும். நானும் நார்லனும் பாறையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தோம். அவள் புகையில் குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள்.

செல்மாவுக்குக் கடல் மயக்கம் தெளியவில்லை. "கொஞ்சம் தலை சாய்க்கிறேம்மா" என்று உள்ளே போனாளாம். ஐவலீன் கூடத்துப் பாயை நினைத்துக்கொண்டு சரி என்றிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் கல் புளியமரத்தடிக்கே போயிருக்கும், சாக்கு மூடிக் கிடக்கும் என்று செல்மா நினைத்திருந்தாள். நேரே அப்பாவின் அறைக்குப் போனாள். கட்டிலில் வெள்ளைத் துப்பட்டிக்கு அடியில் ஏதோ மேடாக இருக்க, மடித்து வைத்த படுக்கை என்று நினைத்து உருவிவிட்டாள்.

அலறல் கேட்டு ஓடினோம். துப்பட்டி அவள் கையில் இருந்தது. கட்டிலில் கனூட் கஜோ என்ற பெயர் மேல்நோக்கிக் கிடந்தது.

அவசரமாக மறுபடி மூடப்போனாள்.

"மூடாதே" என்றாள் ஐவலீன்.

"அம்மா, தெரியாம எடுத்துட்டேன். இது கணக்கில்ல."

"எடுத்தது எடுத்ததுதான்."

"இது வெறும் கல்லும்மா!"

"வெறும் கல்லுதானே? அப்போ தூக்கு. வெறும் கல்லைத் தூக்கினா உங்க சபை என்ன சொல்லப் போகுது?"

செல்மா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"எனக்குப் பாதிரியாரும் வேண்டாம், பறையும் வேண்டாம்" என்றாள் ஐவலீன். குரல் தாழ்ந்துதான் இருந்தது. "இத்தனை வருஷம் அவரும் நானும் உனக்காகக் காத்திருந்தோம். நீ ரம் தெளிக்க வேண்டாம், நான் தெளிக்கிறேன். சோறு படைக்க வேண்டாம், நான் படைக்கிறேன். கை மட்டும் கொடு."

செல்மா ஈரச் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தாள். குனிந்து கல்லின் தலைப்பக்கத்தைப் பிடித்தாள். நார்லன் கால்பக்கம், நான் நடுவில். வாசலில் ஐவலீன் ரம் தெளித்தாள், கொஞ்சம் மகள் கழுத்திலும் பட்டது. புளியமரம்வரை இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம். ஆடுகள் எழுந்து வழிவிட்டன.

கல் உட்கார்ந்ததும் சொந்தத்தைப் பெயர் சொல்லி அழைப்பது முறை. கூட்டம் இருந்தால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல், இருக்கேன் என்று சொல்லும். அழைப்பது என் வேலை. கனூட்டின் தம்பிமார் ஆல்டனையும் ரூஃபஸையும் அழைத்தேன். ஆல்டனின் பிள்ளைகள், ரூஃபஸின் பிள்ளைகள், கம்ப்டன் வீட்டில் கட்டிக்கொடுத்த அக்கா, டொரொண்டோவில் இருக்கிற அவள் பெண்கள், பெத்தல் வீட்டு மச்சான்மார். ஒவ்வொரு பெயர் சொன்னபின்னும் குரல் வர இடம் விட்டுக் காத்திருந்தேன். காற்று மட்டும் வந்தது. கடைசியில் செல்மா பெயரைச் சொன்னேன்.

"இருக்கேன்" என்றாள்.

பானை நிறையச் சோறு. ஐவலீன் ஒரு தட்டைப் போட்டு அறைக்குள் வைத்தாள். செல்மா அதைப் பார்த்தும் பார்க்காதவள்போல் இருந்தாள். மீதியை என்ன செய்வது? டென்மார்க் படகு அன்றைக்குக் குடாவில் நங்கூரம் போட்டிருந்தது. நார்லன் போய் அவர்களைக் கூட்டிவந்தான். வழக்கம்போல் செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் வந்தார்கள்.

கிர்ஸ்டன் ஐவலீனின் காதருகே குனிந்தாள். "இன்னைக்காவது உங்க வீட்டுக்காரரைப் பார்க்கலாமா?"

"சத்தமாவே பேசலாம்மா" என்றாள் ஐவலீன். "அவர் இப்போதான் எழுந்து போனார். அதோ, புளியமரத்தடியில இருக்கார்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். புதுக் கல்லைப் பார்த்தார்கள். யென்ஸின் முகம் போன போக்கைப் பார்த்து முதலில் சிரித்தவள் செல்மாதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கே அழுகையானது என்று தெரியவில்லை. ஐவலீன் மகளின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

நார்லன் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "வடக்கு அலை ஏறுது. இப்போ கிளம்பலைன்னா கரையை விட்டு எடுக்க முடியாது."

செல்மா எழுந்தாள். "வாம்மா. கல்லு போயிடுச்சு. போனா வர்றேன்னு சித்தப்பாகிட்ட சொல்லியிருக்கியாமே."

"சொன்னேன்தான். ஆனா இன்னைக்குத்தானே அங்கே போயிருக்கார். முதல் ராத்திரியே தனியா விட்டுட்டா வர்றது? அலை அடங்கட்டும், தம்பிகூட வர்றேன். நீ போ."

"அதுக்குள்ள நான் ஊருக்குப் போயிடுவேனேம்மா."

"தெரியும்" என்றாள் ஐவலீன்.

படகில் செல்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக் கரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். சப்பாத்து அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது.

அலை அடங்க நாளாயிற்று. அடங்கியதும் ஐவலீனை அழைத்துவரப் போனோம். மூட்டை கட்டி வைத்திருப்பாள் என்று நினைத்தேன். ஒன்றும் கட்டவில்லை. கூடத்தில் அவள் பாய் சுருட்டி வைத்தபடி இருந்தது. அறையில் கட்டிலைத் துடைத்து, மெத்தை போட்டு, அந்த வெள்ளைத் துப்பட்டியைத் துவைத்துச் சுருக்கமில்லாமல் விரித்திருந்தாள். கட்டிலடியில் செல்மாவின் சப்பாத்தை உப்பு போகக் கழுவி ஜோடியாக வைத்திருந்தாள்.

"இது யாருக்கு அண்ணி?"

"வர்றவங்களுக்கு. இடம் இல்லைன்னு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். இப்போ இடம் இருக்கு."

"நீ இதுல படுக்கலாமே. ஏன் இன்னும் பாயில?"

"அப்புறம் யாராவது வந்தா?"

வாசலில் நின்று இதைச் சொன்னாள், பழைய வழக்கப்படி மெல்லிய குரலில். நானும் மெல்லத்தான் கேட்டேன்.

"அப்போ இன்னைக்கும் வரலையா?"

அவள் கட்டிலருகே போய், ஓரத்தில் மடங்கியிருந்த துணியை நீவிவிட்டாள். கீழே நார்லன் சங்கு ஊதிக் கூப்பிட்டான். நான் தனியாகத்தான் இறங்கிப் போனேன்.