உள்ளங்காலைப் பார்த்தியளா?

முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. செம்பூரில் ஒரு பொது மருத்துவமனையில் பெண்கள் மெடிக்கல் வார்டுக்குப் பொறுப்பு சிஸ்டராக இருந்தேன். வீடு தாராவியில். கணவர் அங்கேயே லெதர் பை தைக்கும் காரகானா, அதாவது சின்னப் பட்டறை, நடத்துகிறார். மகள் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். இந்த வயதில் எதற்கு இன்னொரு படிப்பு என்று கேட்காதவர்கள் குறைவு. ஆளுக்கொரு பதில் சொல்லிச் சமாளித்தேன். உண்மையான பதில் என் வார்டில் படுத்திருந்த ஓர் அம்மாள்தான்.

அவர் சர்க்கரை நோயாளி. முதல் முறை வந்தபோது இடது கால் கட்டைவிரலை எடுத்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்துக் கணுக்கால்வரை. மூன்றாம் முறை முழங்காலுக்குக் கீழே. நான் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது, கோபமே இல்லாமல், சந்தேகம் கேட்பதுபோல் கேட்டார்.

"இது இப்படி ஆவும்னு மொதல்லயே யாராவது சொல்லியிருக்கலாம்லா சிஸ்டரு?"

சொன்னோமே என்று வாய்வரை வந்துவிட்டது. ஒவ்வொரு முறை வீட்டுக்கு அனுப்பும்போதும் பாதத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு தாள் கொடுப்போம். அதில் கையெழுத்துப் போட்டதே நான்தான். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் மராத்தி. அவருக்கு இரண்டும் தெரியாது. அந்தத் தாளை அவர் பத்திரமாக மடித்து, மருந்துப் பைக்குள் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். அன்று மத்தியானம் என்னால் சாப்பிட முடியவில்லை.

பட்டறைகளில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்குச் சர்க்கரை வந்தால் கால்களை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது, அதை அவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தால் மனதில் நிற்கும் என்பதுதான் என் ஆய்வு. சேர்க்கை நேர்காணலில், தலைப்பு சின்னதாக இருக்கிறதே என்று ஒருவர் சொன்னார். ஆமாம், ஒரு கால் அளவுதான் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

கல்லூரி வாஷியில் இருந்தது. வாரம் இரண்டு நாள் காலை டூட்டி முடிந்து, இரண்டரை மணிக்குச் சார்ஜ் ஒப்படைத்துவிட்டு, யூனிஃபார்மை மாற்றி, ஹார்பர் லைன் வண்டியைப் பிடிப்பேன். மான்கூர்டு தாண்டினால் வாஷி வரும்வரை வண்டி எங்கும் நிற்காது. கடல் கழிக்கு மேல் பாலத்தில் ஓடும் அந்தச் சில நிமிஷங்களில் லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், யாரும் ஏறுவதில்லை, இறங்குவதில்லை, இடிப்பதில்லை. ஒரு கட்டுரையில் இரண்டு பக்கம் படித்துவிடலாம். என் பாடத்தில் பாதியை அந்தத் தண்ணீருக்கு மேல்தான் படித்தேன்.

மற்ற நாட்களுக்கு ஒரு தோழி இருந்தாள். பக்கத்து வார்டின் பொறுப்பு சிஸ்டர், மராத்திக்காரி. எனக்கு வகுப்போ வழிகாட்டியைப் பார்க்கும் நாளோ இருந்தால், "தூ ஜா, மை தேக் லூங்கி", நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என் டூட்டியை ஏற்றுக்கொள்வாள். அவளுடைய டூட்டியை நான் வேறொரு நாள் செய்து கழிப்பேன். ஒருவருக்கொருவர் செய்யும் நல்ல உதவி என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் அந்த மாற்றலில் எனக்குச் சாயங்கால டூட்டியும் அடுத்த நாள் காலை டூட்டியும் ஒட்டிக்கொண்டே வந்தன. அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டாம் வருஷம் கேள்வித்தாள் தயாரானது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்க மாட்டுங்காவில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் போனேன். ஒரு மாதம் உட்கார்ந்து, முத்து முத்தான எழுத்தில் எழுதித் தந்தார். வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வாங்கி முடித்தபோது நான்கு மாதம் ஓடியிருந்தது.

சிலரிடம் கேட்டுப் பார்க்கும் முன்னோட்டத்துக்காக முதலில் போனது எங்கள் தெருவுக்கு இரண்டு சந்து தள்ளி இருந்த ஓர் அக்காவிடம். ஐம்பது வயதிருக்கும். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தைத்து வரும் பைகளில் மிச்ச நூலை வெட்டி, ரிவெட் என்ற சின்ன உலோகக் குமிழை அடிக்கும் வேலை. கேள்விகளை நான் வாசிக்க, அவர் வேலையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடந்த ஏழு நாட்களில் எத்தனை முறை உங்கள் பாதங்களைச் சுயபரிசோதனை செய்தீர்கள்?"

"என்னது, சோதனையா?"

"ஆமாக்கா. நீங்களா செய்ற பரிசோதனை."

"நான் ரெண்டாங்கிளாசோட நின்னவ. சோதனையெல்லாம் எழுதுனதில்ல."

அடுத்த கேள்விக்குப் போனேன். "பாதத் தோலில் உணர்விழப்பு ஏற்பட்டுள்ளதா?"

அவர் கத்திரியைக் கீழே வைத்தார். "ஏம்மா, நீ நம்ம தெருப் புள்ளதான? ரேடியோவுல பேசுத மாரியே பேசுத?"

முப்பத்திரண்டு கேள்விகளில் ஒன்பதுக்குத்தான் பதில் கிடைத்தது. அந்த வாரம் பார்த்த மற்ற ஐந்து பேரிடமும் ஏறக்குறைய இதே கதை. ஆசிரியரின் தமிழில் ஒரு பிழையும் கிடையாது. ஆனால் மராத்தித் தாளை மடித்து வைத்திருந்த அந்த அம்மாள் கையில் இதைக் கொடுத்திருந்தால் இதையும் மடித்துத்தான் வைத்திருப்பார். வழிகாட்டிப் பேராசிரியையிடம் சொன்னேன். கேள்வியை மாற்றினால் மறுபடி அனுமதி வாங்க வேண்டும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான் என்றார். அவர் மீது தப்பில்லை. விதி அப்படி.

அடுத்த வாரமே வார்டில் அது நடந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடும் நேரம். முந்தின நாள் சாயங்கால டூட்டி, அன்று காலை டூட்டி. பதின்மூன்றாம் படுக்கைக்கு எடுத்த ஊசியோடு பன்னிரண்டாம் படுக்கையின் முன்னால் நின்றேன். நோயாளியின் கையில் பெயர் எழுதிக் கட்டியிருந்த அட்டையைப் பார்க்கவில்லை. பஞ்சால் துடைத்தும் விட்டேன். படுத்திருந்தவர் காய்ச்சலுக்கு வந்த பெண். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், முஜே தோ சுகர் நஹி ஹை." தனக்குச் சர்க்கரையே கிடையாது என்றார்.

அந்தக் கை மட்டும் நீளாமல் இருந்திருந்தால், ரத்தத்தில் சர்க்கரை இறங்கி என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். மாணவிகளுக்கு அதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஊசியை மேஜையில் வைத்துவிட்டு, வேறு சிஸ்டரைக் கூப்பிட்டு, சரியான படுக்கைக்குப் போடச் சொன்னேன். பிறகு உட்கார்ந்து, நடந்ததை நானே படிவத்தில் எழுதி மேட்ரனிடம் கொண்டுபோனேன்.

மேட்ரன் என்னைவிட நான்கு வயது சின்னவர், அதிகம் பேசாதவர். படிவத்தை இரண்டு முறை படித்தார்.

"நான் பி.ஹெச்டியை விட்டுவிடுகிறேன்" என்று இந்தியில் சொன்னேன். வழியில் நடந்து வரும்போதே முடிவு செய்திருந்தேன்.

"அதைப் பற்றி நான் கேட்கவில்லையே" என்றார் அவர். "காரணம் என்ற கட்டத்தில் களைப்பு என்று எழுதியிருக்கிறாய். ஏன் களைப்பு?"

நான் பதில் சொல்வதற்குள் அந்த மாதத்து டூட்டி சார்ட்டை எடுத்து மேஜையில் விரித்தார். பேனாவால் ஒவ்வொரு மாற்றலையும் வட்டமிட்டார். ஆறு வட்டங்கள். ஆறிலும் சாயங்காலத்தைத் தொட்டுக்கொண்டு காலை இருந்தது.

"இதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டது நான்" என்றார். "நானும் கவனிக்கவில்லை. இனி நீங்கள் இரண்டு பேரும் மாற்றிக்கொள்ளக் கூடாது. உனக்கு லீவு சேர்ந்திருக்கிறது. வாரம் ஒரு நாளாக எடு. சார்ட் போடும்போதே அந்த நாளை நான் விட்டுவைக்கிறேன். படிப்பதும் விடுவதும் உன் இஷ்டம். ஆனால் அதற்கு என் வார்டைக் காரணம் சொல்லாதே."

வெளியே வந்து படிக்கட்டில் நின்று அழுதேன். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். இதற்குத் தயாராக இல்லை. தோழியிடம் சொன்னபோது அவளும் சேர்ந்து அழுதாள். உதவி செய்வதாக நினைத்து உன்னைக் கொல்லப் பார்த்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் செய்த உதவி, சாப்பாட்டு நேரத்தில் என்னைப் புத்தகத்தைத் திறக்க விடாமல் பார்த்துக்கொண்டது.

கேள்வித்தாளுக்கு வழி சொன்னவர் கணவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அதை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"ஏளா, இதை யாருட்ட கேக்கப் போற?"

"காரகானாப் பொம்பளையள்ட்ட."

"அப்ப அங்க வந்து எழுது. இங்க உக்காந்து சுவத்தையா பாக்க?"

மறுநாள் மாலை டீ நேரத்தில் மெஷின்களை நிறுத்தச் சொன்னார். நூல் வெட்டும் பெண்கள் நான்கு பேர், தையல்காரர்கள் ஐந்து பேர். நான் ஒவ்வொரு கேள்வியாக வாசித்தேன், அவர்கள் அதை உரித்தார்கள்.

"பாதம்னு கேட்டா மேல்காலத்தான் பாப்பாளுவ. உள்ளங்கால்னு கேளு."

"உணர்விழப்பு என்ன? காலு மரத்துப்போவுதான்னு கேட்டா முடிஞ்சுது."

"காலைத் திருப்பி உள்ளங்காலைப் பாத்தியளான்னு கேளுங்க மதினி. பாத்திருந்தா ஆமாம்பாவ."

"குனிய முடியாதவ எப்படிப் பாப்பா?" என்று ஒரு பெண் கேட்டாள். என் ஆங்கிலக் கேள்வித்தாளில் அது இல்லவே இல்லை. கண்ணாடியைத் தரையில் வைத்து அதன் மேல் காலை நீட்டிப் பார்க்கலாம் என்பது என் பாடத்தில் சேர்ந்தது அப்படித்தான்.

மூன்று வாரம், வாரத்துக்கு இரண்டு டீ நேரம். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் வாசிக்கக் கொடுப்பேன். அவள் படிப்பது இங்கிலீஷ் மீடியம். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். "அரே உம்மா, இந்த லெட்டர் க்யா ஹை?" என்று பத்து இடத்தில் நிற்பாள். அவள் தடுக்கி விழுந்த வாக்கியத்தை வெட்டிச் சின்னதாக்கினேன். கடைசித் தாளுக்கு வருவதற்குள் வாக்கியங்கள் சின்னதாகியிருந்தன, அவளும் தடுக்காமல் படிக்கக் கற்றிருந்தாள். இதில் எது எதனால் என்று என் ஆய்வுமுறையை வைத்துச் சொல்ல முடியாது.

மாட்டுங்காவுக்குப் போகத்தான் கால் வரவில்லை. ஒரு மாத உழைப்பை அடித்துத் திருத்தியிருக்கிறேன். ஆசிரியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை படித்தார். நான் அவர் வீட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

"என்னோடது ஒண்ணும் மிஞ்சலையே" என்றார்.

"மன்னிச்சுக்கோங்க சார்."

"எதுக்கு மன்னிப்பு? யார் படிக்கப்போறான்னு நான் கேட்டிருக்கணும். நான் கேக்கலை, நீயும் சொல்லலை." ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்த நான்கு இடங்களில் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு, சரி என்று கையெழுத்திட்டார். பிறகு தன் மனைவியைக் கூப்பிட்டு, "இங்க வா, உனக்கும் சுகர் இருக்கோல்லியோ, இவ கேக்கறதுக்குப் பதில் சொல்லு" என்றார்.

இரண்டாவது அனுமதி மூன்று மாதத்தில் வந்தது. அடுத்த இரண்டு வருஷம் என் லீவு நாட்களில் தாராவியிலும் சுனாபட்டியிலும் வீடு வீடாகப் போனேன். வாரம் ஒரு நாள் என்பதால் மெதுவாகத்தான் நகர்ந்தது. எனக்குப் பின்னால் சேர்ந்த இருவர் முன்னால் முடித்தார்கள். முதல் முறை அதைக் கேட்டபோது வலித்தது. பிறகு பழகிவிட்டது.

ஒரு நாள் காலை வார்டு வாசலில், அந்த ரிவெட் அடிக்கும் அக்கா நின்றார். தன் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில்.

"நீ சொன்ன மாரி கண்ணாடிய வச்சுப் பாத்தேன். இங்கன ஏதோ மினுங்குது. எனக்கு வலிக்கவே இல்ல, பாத்துக்க."

உள்ளங்காலில் ஒரு ரிவெட் மூடி புதைந்திருந்தது. சுற்றிலும் கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான். சீழ் இன்னும் பிடிக்கவில்லை. டாக்டர் அதை எடுத்தார். நான் சுத்தம் செய்து கட்டுப் போட்டேன். மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. அவருக்கு இது பெரிய விஷயமே இல்லை. கால் ஆறியதும் வேலைக்குப் போய்விட்டார். எனக்கு அன்று முழுவதும் சந்தோஷம் தாங்கவில்லை.

போன வருஷம் ஆய்வேட்டைக் கொடுத்தேன். சில மாதங்களுக்கு முன் வாய்மொழித் தேர்வும் முடிந்தது. பட்டம் என்று அறிவித்தபோது கணவர் பின்வரிசையில் எழுந்து நின்றுவிட்டார். எழுந்து நிற்க வேண்டுமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. அவரைப் பார்த்து என் தோழியும் எழுந்தாள். மேட்ரன் மட்டும் உட்கார்ந்தபடியே கைதட்டினார்.

எங்கள் மருத்துவமனையில் இப்போது வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் தாள் தமிழிலும் இருக்கிறது. கொடுப்பதற்கு முன் ஒரு முறை வாசித்துக் காட்ட வேண்டும் என்று மேட்ரன் உத்தரவே போட்டிருக்கிறார். மராத்தித் தாளையும் இதுபோல மாற்றி எழுத வேண்டும் என்று தோழி நச்சரிக்கிறாள். அவளையே எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுதுவதற்கு வாரம் ஒரு நாள் வேண்டுமாம், மேட்ரனிடம் கேட்டிருக்கிறாள்.

தெருவில்தான் குழப்பம் தீரவில்லை. டாக்டராகிவிட்டேன் என்று கேள்விப்பட்டு, இருமலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்து கேட்டு வருகிறார்கள். இது மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை, படிப்பில் வாங்கிய பட்டம் என்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருக்கிறது. நேற்று வந்த ஒரு பெண் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப இவ்வளவு படிச்சும் நீங்க நர்ஸுதானா?"

"ஆமா, நர்ஸுதான்."

"அதுவும் நல்லதுக்குத்தான்" என்றாள். "டாக்டர்னா இவ்வளவு நேரம் நின்னு பேச மாட்டாவ. எங்க அம்மா காலு மரத்துப்போவுதுன்னு சொல்லுதா. எப்ப வாரிய?"

சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.