தாய் சேய் விடுதிக்கு ஒரு நர்ஸ்

என் முதல் குழந்தை சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மாட்டு வண்டியிலேயே பிறந்து, மூன்று நாள்தான் இருந்தது. இரண்டாவது முறை நான் உண்டானபோது எங்கள் தெருக்கோடியிலேயே புதிய தாய் சேய் நல விடுதி நின்றது. பூட்டிக் கிடந்தது. நர்ஸ் இல்லை.

மத்திய அரசு உதவியில் கட்டியது என்று கல்வெட்டில் இருந்ததால் டெல்லிக்கே மனு எழுதினேன். ‘தாழ்மையுடன்’ ஒருமுறை போதுமா, இருமுறை வேண்டுமா என்று தெரியாமல் மூன்று தாள் கிழித்தேன்.

“டெல்லிக்கா எழுதுன? அப்புடியே உங்கப்பா வூட்டுக் கூரையையும் மாத்தித் தரச் சொல்லி ஒரு வரி சேத்திருக்கலாமே” என்றார் மாமியார்.

ஏழாம் மாதம் பஞ்சாயத்து ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. போனேன். குமாஸ்தா கையில் என் மனுவே இருந்தது. டெல்லி, மெட்ராஸ், கடலூர் என்று முத்திரை வாங்கிக்கொண்டு எங்கள் ஊருக்கே திரும்பியிருந்தது.

“கட்டடம் டெல்லி பணம்மா. ஒரு தடவ குடுத்தாச்சு. நர்ஸம்மா சம்பளம் மெட்ராஸ் மாசாமாசம் குடுக்கணும். எங்களக் கேட்டா கட்டுனீங்கன்னு அவுங்க கேக்குறாங்க.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“பூட்டு வாங்கிப் போட்டோம்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணவர் ஒன்றியப் பள்ளி ஆசிரியர். நான் பேசப்போய் அவரை எங்காவது மாற்றிவிட்டால்? கிளம்பிவிடலாம் என்று வாசல்வரை வந்து, திரும்பினேன்.

“யார்கிட்டயும் பணம் கேக்காம உங்களால என்ன செய்ய முடியும்?”

அவர் யோசித்தார். “சேத்தியாத்தோப்பு நர்ஸம்மாவ வாரம் ரெண்டு நாள் அனுப்பலாம். அதுக்கு எங்க ஒன்றியக் கமிஷனர் கையெழுத்தே போதும்.”

அவர் பேனாவையே வாங்கி, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். ‘தாழ்மையுடன்’ ஒருமுறைதான்.

செவ்வாயும் வெள்ளியும் விடுதி திறந்தது. ஒன்பதாம் மாதம் ஒரு வெள்ளியன்று நர்ஸம்மா என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். “புள்ள குறுக்க கெடக்கு. வலி வர்ற வரைக்கும் குந்தியிருக்காத. நாளைக்கே சிதம்பரம் போயிடு.”

வலியே இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று எனக்கே தயக்கம். மறுநாள் காலை மாமியார்தான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் நடந்தார்.

மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிறந்தாள், உரக்க அழுதாள். அவள் நடை பழகும்வரை விடுதிக்குச் சொந்த நர்ஸ் வரவில்லை. நான் மாதம் ஒரு மனு எழுதினேன், மெட்ராஸுக்கு.