கடைசிப் போத்தல் தண்ணீர்

ஹுன்னஸ்கிரிய போகும் வழியில், தோண்டி முடித்த சுரங்கக் குழியை மண்ணால் நிரப்பி மரம் நட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழேதான் எங்கள் கிணறு. அந்தத் தண்ணீரில் சுரங்க மண்ணின் உலோகம் கலந்திருக்கிறதா என்று பரிசோதிக்க மாதந்தோறும் ஒருவர் வருவார். மடிப்புக் கலையாத சட்டை, நீலக் கையுறை. போத்தலை நிரப்பியதும் வெயிலுக்கு நேரே பிடித்து, பரீட்சையில் தேறிய பிள்ளையைப் பார்ப்பதுபோல் புன்னகைப்பார்.

போன மாதம், "இனி வரமாட்டேன் மிஸ். தண்ணி நல்லா இருக்கு, அதனால நிப்பாட்டச் சொல்லிட்டாங்க" என்றார்.

என் இடுப்பில் கைக்குழந்தை. "பிறகு கெட்டுப்போனா, சேர்?"

"சொல்லி அனுப்புங்க, உடனே வருவோம்."

"கெட்டது எனக்கு எப்படித் தெரியும்?"

"பரிசோதிச்சாத் தெரியும்."

"யாரு பரிசோதிப்பாங்க?"

"நாங்கதான்."

அவர் கேலி செய்யவில்லை. முகத்தில் உண்மையான பணிவு இருந்தது.

"பிள்ளைக்கு நிறை சரியாத்தான் ஏறுது. அதுக்காக மிட்வைஃப் மிஸ் நிறுக்கிறதை நிப்பாட்டலையே" என்றேன்.

"அவங்க வேற டிபார்ட்மென்ட்" என்றார்.

வேலிப் படலை வரை போனவர் திரும்பி வந்தார். கையுறையைக் கழற்றிவிட்டு, குழந்தையின் பாதத்தைத் தொட்டார்.

"எதுக்கும் பிள்ளைக்குக் கொதிச்சாறின தண்ணியே குடுங்க" என்றார், தாழ்ந்த குரலில்.

மண்ணிலிருந்து கரைந்து வரும் உலோகம் கொதிக்கவைத்தால் போகாது. அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பிறகு ஏன் அப்படிச் சொன்னார் என்று, அடுப்பில் தண்ணீர் வைக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.