மூன்றாவது இணைப்பில் ஒரு வாஷர்

சுரங்கத்துக்கு அடியிலிருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளைக் குழாயம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக அங்கே வாயுக் குழாய்களைப் பொருத்திப் பராமரிப்பது அவள் வேலை.

அங்கே ஆராய்ச்சி நடத்தும் பேராசிரியரின் கொள்கை அவளுக்கும் மனப்பாடம். பிரபஞ்சம் பிறந்த சூட்டில் பொருளும் எதிர்ப்பொருளும் ஒன்றையொன்று தின்று தீர்த்தன. நூறு கோடிக்கு ஒன்று என்ற விகிதத்தில் பொருள் மட்டும் மிஞ்சியது. அந்த மிச்சம்தான் நாம். அந்த ஓரவஞ்சனை நடந்த அதே வேளையில்தான் கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருளும் பிறந்தது என்பது அவர் கட்சி. அதன் துகள் ஒன்று ஆய்வுக்கூடத்தில் பெட்டிக்குள் வைத்திருக்கும் படிகத்தில் மோதினால் சின்னதாக ஒரு மினுக்குத் தெரியும். அதற்காகத்தான் இத்தனை வருடக் காத்திருப்பு.

மழைக்காலம் முடிந்ததும் மினுக்குகள் கூடின. பேராசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை. குழாயம்மாவுக்கோ சந்தேகம். வெளிக்காற்று புகாதபடி படிகப் பெட்டிக்கு நைட்ரஜன் கொண்டுபோகும் குழாய் நெடுகச் சோப்பு நுரை தடவிப் பார்த்தாள். மூன்றாவது இணைப்பில் நுரை குமிழியிட்டது. நைட்ரஜன் பாதி வழியிலேயே வெளியேற, பெட்டிக்குள் சுரங்கக் காற்று புகுந்திருக்கிறது.

"சார், இது பாறையிலேர்ந்து வர்ற ரேடான் வாயு. அது பட்டாலும் படிகம் மினுக்கும். வாஷர் வெடிச்சிருக்கு, மாத்திட்டு மறுபடி எண்ணிப் பாருங்க."

அவர் நிமிரவே இல்லை. "தெரியும்மா. மாநாட்டுல அறிவிச்சுடறேன், அப்புறம் மாத்திக்கலாம்."

தெரியுமாம்! தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பாள்.

அடுத்த வாரம் அக்கா போன் செய்தாள். "ஏய், உங்க சார் டிவியில வர்றாரு! என்னமோ கண்டுபிடிச்சுட்டாராமே?"

"ஆஃப் பண்ணுக்கா. தின்னது வெளிய வந்துரும் எனக்கு."

அன்றே கீழே இறங்கி வாஷரை மாற்றினாள். பத்தே நாளில் மினுக்குகள் பழைய அளவுக்கு இறங்கின. பேராசிரியர் பாய்ந்து வந்தார். "யாரைக் கேட்டுக் கை வச்சே?"

"என் வேலையே அதான சார்."

அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. காரணம் என்ற இடத்தில் 'பராமரிப்பு ஊழியரின் கவனக்குறைவு' என்று போட்டிருந்தார்கள். கசிவைச் சொன்ன நாளைத் தேதியோடு எழுதிவைத்த தன் பதிவேட்டை அவள் இயக்குநரின் மேசையில் விரித்தாள். அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடினார். "விடும்மா, நிறுவனத்தோட மானம்."

அந்த மேசையைத் தொட்ட கையைக் கழுவ வேண்டும்போல் இருந்தது. மறுநாளே ராஜினாமா.

இப்போது ஒரு பால் தொழிற்சாலையில் குளிரூட்டும் குழாய்களைப் பார்த்துக்கொள்கிறாள்.

"அந்த வேலை ஞாபகம் வராதாடி?" என்றாள் அக்கா.

"படிகம் ஞாபகம் வரும். அந்தாளு மூஞ்சி வந்தா துப்பிருவேன். இங்க பால் கெட்டா நாறும்க்கா. யாரும் மாநாடு கூட்டி நல்ல பால்னு சொல்ல முடியாது."