டோபெக்கின் இடது கால்

ஒரு ஆளின் ஸ்கேட்டை, அடியில் பிளேடு வைத்த அந்தப் பனிச்சறுக்குக் காலணியை, கவிழ்த்துப் பார்த்தே அவன் எங்கே வலியை ஒளித்து வைத்திருக்கிறான் என்று எல்ஃபேஜ் மிஷோ சொல்லிவிடுவார் என்பது செயின்ட் ஓமர் ஊரில் எல்லாரும் பேசிக்கொள்வது. அவர் காதுபடவே சொல்வார்கள். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் பிறகு அவரைக் குழியில் தள்ளியது.

காகித ஆலைத் தொழிலாளியின் மகன். பத்தொன்பது வயதில் அரங்கத்தில் ஐஸைச் சமப்படுத்தும் வண்டி ஓட்ட வந்தவர், சில வருடங்களில் நீர்நாய்கள் என்ற ஐஸ் ஹாக்கி அணிக்குத் தளவாடக்காரர் ஆனார். ஸ்கேட்டுக்குச் சாணை பிடிப்பார், ஜெர்சி துவைப்பார், கிழிந்ததைத் தைப்பார், வியர்வையில் ஊறிய கையுறைகளைக் காயப்போடுவார். பெரிய லீக்குக்கு இரண்டு படி கீழே இருக்கிற அணி அது. பையன்கள் வருவார்கள், போவார்கள். மிஷோ மட்டும் முப்பத்தொரு வருடமாக அங்கேயே இருந்தார். காலையில் ஆறரை மணிப் பூசை, ஏழரைக்குச் சாணைக்கல். அவர் மனைவி பெர்னாதெத் சிரிப்பாள்: "கடவுளுக்கு அரை மணி, கல்லுக்குப் பத்து மணி. மோட்சத்துல உங்களுக்கு எந்த வாசல்னுதான் தெரியல."

அவருக்கென்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. சாணைமேடையில் கேட்டதும் பார்த்ததும் கோச்சின் அறைக்குப் போகக் கூடாது. முட்டி வலி, மனைவியோடு சண்டை, ஊர் நினைப்பு என்று பையன்கள் எல்லாவற்றையும் அந்த மேடையில்தான் கொட்டுவார்கள். அவர் கேட்டுக்கொண்டே பிளேடைத் தேய்ப்பார். அத்தோடு சரி.

அந்த வருடம் நீர்நாய்கள் கடைசி இடத்தில் முடித்தார்கள். பழைய கோச்சை அனுப்பிவிட்டு ஹ்ரின்கோ என்ற புதியவரைக் கொண்டு வந்தார்கள். வந்த மூன்றாம் நாளே இருபத்துநான்கு பேருடைய பெயரையும் வெள்ளைப் பலகையில் எழுதிவிட்டு, பத்துப் பேருக்குமேல் மிஞ்ச மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். பலகையின் ஓரத்தில் ஐந்து பெயர்கள் தனியாக இருந்தன. எல்லாம் பல வருடம் ஆடிய பழைய கைகள். லீக் விதிப்படி அப்படிப்பட்டவர்களில் நான்கு பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் போயாக வேண்டும்.

அன்றைக்கு ஹ்ரின்கோ மிஷோவைக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். காபி ஊற்றிக் கொடுத்தார். இத்தனை வருடத்தில் எந்தக் கோச்சும் அவரை உட்காரச் சொன்னதில்லை.

"இவங்க காலைத் தினமும் கையில வச்சிருக்கறது நீங்கதான் மிஷ். டாக்டர்கிட்ட மறைப்பாங்க, உங்ககிட்ட மறைக்க முடியாது. இந்த அஞ்சுல யாரு உடம்பு போயிடுச்சு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். காபி சூடாக இருந்தது. புதியவர் தளவாடக்காரரையும் மாற்றுவார் என்று ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. தன் யோசனை ஒருவருக்கு வேண்டியிருக்கிறது என்ற சந்தோஷமும் சேர்ந்துகொண்டது.

"டோபெக்," என்றார் மிஷோ. "பிப்ரவரியிலேருந்து அவனோட இடது பிளேடுல உள்விளிம்பு மழுங்கறதே இல்ல. அந்தப் பக்கம் பாரம் போடறதில்லன்னு அர்த்தம். இடுப்பா இருக்கும்."

ஹ்ரின்கோ எழுந்து பலகைக்குப் போனார். கட்டைவிரலால் அந்தப் பெயரைத் தேய்த்து அழித்தார்.

வெஸ் டோபெக்குக்கு முப்பத்தொரு வயது. மேற்கே கோதுமை வயல் பக்கத்திலிருந்து வந்த தடுப்பாட்டக்காரன். இளவட்டங்கள் அவனைத் 'தாத்தா' என்று கேலி செய்வார்கள். நான்கு வருடமாக, ஆட்டத்துக்கு இறங்கும்போதெல்லாம் மட்டையால் மிஷோவின் மேடையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவான். அவன் மனைவி காரா பல் மருத்துவர் ஒருவரிடம் வேலை பார்த்தாள், அக்டோபரில் பிரசவம். மிஷோவின் தெருவுக்குப் பின்தெருவில் குடியிருந்தார்கள். சனிக்கிழமை பெர்னாதெத் பீன்ஸ் வேகவைத்தால் ஒரு பானை அந்த வீட்டுக்கும் போகும்.

உண்மையைத்தானே சொன்னேன் என்று மிஷோ தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் அந்த வாரம் பூசையில் நன்மை அப்பம் வாங்க எழுந்து போகவில்லை.

பருவம் முடிந்ததும், போகிறவர்களுடைய ஜெர்சியிலிருந்து பெயர்ப்பட்டையைப் பிரித்தெடுப்பது வழக்கம். பதினைந்து ஜெர்சி. டோபெக்கினுடையதைக் கடைசியாக ஒதுக்கி வைத்திருந்தார். அதை மடியில் வைத்துத் தையலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது டோபெக்கே வந்து நின்றான்.

"பிரிங்க, பிரிங்க. எனக்குச் சொல்லிட்டாங்க மிஷ்," என்று ஸ்கேட்டை மேடையில் வைத்தான். "கடைசியா ஒரு தடவ சாணை பிடிச்சு வைங்க. எவனாவது கூப்பிட்டா ஓடணும்ல." பிறகு சிரித்தான். "கூப்பிட மாட்டாங்க. தாத்தா ஆட்டம் முடிஞ்சுது."

மிஷோ தலை நிமிரவில்லை. ஊசி விரலில் ஏறிவிடும் என்பது போலத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் போன பிறகு ஸ்கேட்டைக் கவிழ்த்தார். இடது காலின் அடியில், குதிகால் பக்கம், இரண்டு செம்பு ரிவெட்டு ஆணிகள் மின்னின. இத்தனை நாள் பிளேடை மட்டுமே பார்த்த கண்ணில் அவை பட்டதில்லை. அவரிடம் செம்பு ரிவெட்டே கிடையாது. அவர் அடிப்பதெல்லாம் எஃகு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிப்ரவரியில் வெளியூர் ஆட்டம். இடைவேளையில் டோபெக்கின் பிளேடைப் பிடித்திருக்கும் தாங்கி உடைந்துவிட்டது. அந்த ஊர் அணியின் தளவாடக்காரரிடம் சுத்தியலும் ரிவெட்டும் இரவல் வாங்கி, நேராக இருக்க வேண்டி அடியில் போடுகிற நடுக்கோடு கூடப் போடாமல், கண்மட்டத்தில் அடித்துக் கொடுத்தார். ஊருக்குப் போய்ப் பிரித்துச் சரியாகப் போடலாம் என்று நினைத்தார். வரும் வழியில் பனிப்புயல். பஸ் எட்டு மணி நேரம் நின்றது. மறுநாள் இன்னொரு ஆட்டம். மறந்தே போனார்.

ஸ்கேட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். குதித் தையலும் பிளேடும் ஒரே கோட்டில் இல்லை. ஒரு நாணயத்தின் கனம் கோணியிருந்தது. அந்தக் கோணலில் நிற்கிற எவனும் வெளிப்பக்கமாகத்தான் சாய்வான். உள்விளிம்பு எப்படி மழுங்கும்? டோபெக்கின் இடுப்பில் ஒரு குறையும் இல்லை.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். பங்குச் சாமியார் அவரைவிட இருபது வயது சிறியவர். ஸ்கேட் விவகாரம் ஒன்றும் தெரியாதவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு மன்னிப்புச் சொன்னார். பிறகு, இதை அந்த ஆளிடம் சொல்லியாயிற்றா என்று மட்டும் கேட்டார்.

மிஷோ முதலில் கோச்சிடம்தான் போனார். இந்தத் தடவை உட்காரவில்லை. கேட்டு முடித்த ஹ்ரின்கோ கழுத்தைத் தடவிக்கொண்டார். அந்த இடத்துக்கு முந்தாநாளே வேறு ஆளிடம் கையெழுத்து வாங்கியாகிவிட்டதாம். டோபெக்கைப் பற்றி மூன்று அணிக்காரர்கள் விசாரித்தார்களாம். இடுப்பு என்று அவர்களிடமும் சொல்லிவிட்டாராம்.

"என்னை அனுப்பிடுங்க," என்றார் மிஷோ.

"எதுக்கு? முப்பது வருஷத்துல ஒரு தப்பு. இது யாருக்கும் வர்றதுதான் மிஷ். போய் வேலையப் பாருங்க."

அந்த வார்த்தை அவரை வெகுநாள் குத்தியது. தப்புச் செய்த கைக்கு வேலை இருக்கிறது. தப்புச் செய்யாத காலுக்கு இல்லை.

செம்பு ரிவெட்டைப் பிடுங்கிவிட்டு, நடுக்கோடு போட்டு, தாங்கியை எஃகு ரிவெட்டால் நேராக அடித்தார். ஸ்கேட்டை எடுத்துக்கொண்டு பின்தெருவுக்கு நடந்தார். அங்கே பாதி வீடு பெட்டிக்குள் போயிருந்தது. டோபெக்கையும் காராவையும் உட்காரவைத்து, பழைய ரிவெட்டு இரண்டையும் மேசைமேல் வைத்துச் சொன்னார்.

டோபெக் ஸ்கேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப என் கால் இல்லையா?"

"இல்லப்பா. என் கை."

"நான் கிழவனாயிட்டேன்னே நெனச்சுட்டேன் மிஷ். திரும்பும்போதெல்லாம் வழுக்கும். எங்கப்பாவுக்குப் போன் பண்ணி, வயலுக்கு வந்துடறேன்னு சொல்லிட்டேன்." அவன் குரலில் கோபம் இல்லை. அதைத்தான் மிஷோவால் தாங்க முடியவில்லை.

காரா ரிவெட்டைத் தொடவில்லை. "சரி, ஸ்கேட்டு கோணல். ஆனா இடுப்புன்னு கோச்சுக்கு யாரு சொன்னது?"

அதை யாரும் கேட்காவிட்டால் சொல்லாமல் விட்டிருப்பாரோ என்னவோ. அது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். மேசையைப் பார்த்தபடி, "நான்தாம்மா," என்றார்.

அவள் எழுந்து உள்ளே போனாள். அவர் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அலமாரியில் பெர்னாதெத்தின் பீன்ஸ் பானை கழுவித் துடைத்து இருந்தது. டோபெக் அதை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

மறுநாள் மிஷோ லீக்கில் இருக்கிற தளவாடக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். ஒரு ஆளை நல்லவன் என்று கோச்சுகள் சொல்வதைக் கோச்சுகள் நம்ப மாட்டார்கள். சாணைக்காரன் சொன்னால் கேட்பார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னார்: நடுக்கோடு போடாதது, மறந்தது, வாய்விட்டது. அந்தத் தொழிலில் கோணலாக அடிப்பது தெருவில் துணியில்லாமல் நிற்பது மாதிரி. ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மிஷோவா கோணலா அடிச்சான்? இருய்யா, இத எழுதி மாட்டி வைக்கறேன்." மாட்டிக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் கோச்சிடம் சொல்லிவிடுங்கள் என்றார் இவர்.

சிரித்தவரே ஜூலையில் திரும்பக் கூப்பிட்டார். மேற்கே ஏரிக்கரை ஊர் ஒன்று. காரில் இரண்டு நாள் தூரம். அவர்கள் டோபெக்கை எடுத்துக்கொண்டார்கள். காரா வேலையை விட்டாள். ஆகஸ்டில் அந்த வீடு காலியானது.

அக்டோபர் கடைசியில் அந்தத் தளவாடக்காரர் மறுபடி பேசினார். "உன் ஆளோட பிளேடு பாத்தேன் மிஷ். ரெண்டு விளிம்பும் ஒண்ணுபோல மழுங்குது. நல்லா ஓடறான்."

மிஷோ நன்றி சொல்லி வைத்தார். அதே வாரம் ஒரு அட்டை வந்தது. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்று டோபெக்கின் கையெழுத்து. பெர்னாதெத் அதை மாதா படத்தின் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள். மிஷோ எடுத்துப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். காராவின் பெயர் எங்கேயும் இல்லை. அட்டையை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் பூசைக்குக் கிளம்பினார்.