பதினாறு நாளுக்குப் பிறகு அரைக் கிண்ணம்

அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். இந்தத் தொழிற்சாலையில் தினமும் மதியம் சாப்பிட உட்காருகிறவர்களின் எண்ணிக்கை அது. இருபத்துமூன்று வருடங்களாக அவர்களுக்குச் சமைத்துப் போடுபவரை எல்லோரும் அண்டாக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அண்டாவை விடச் சின்னப் பாத்திரத்தில் அவர் சமைத்து யாரும் பார்த்ததில்லை. வீட்டில் அடுப்படி கணவர் பொறுப்பு. "இவகிட்ட ரெண்டு பேருக்கு சோறு வடிக்கச் சொன்னா, சாப்பிடறதுக்குத் தெருவையே கூப்பிடணும்" என்பார் அவர்.

அண்டாக்காவிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. தட்டு பாதி காலியானதும், கேட்காமலேயே இரண்டாவது கரண்டி குழம்பு வந்து விழும். போதும் என்று கையால் மறித்தவர்கள் அதை விரலில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அந்த இரண்டாவது கரண்டி ஒரே ஒருமுறை தப்பாக விழுந்தது. ஆறு வருடங்களுக்கு முன், வேலையை விட்டு நீக்கப்பட்ட நண்பனைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி, வாசல் காவலாளி ஒன்பது நாள் பட்டினி கிடந்தார். ஜெயித்தார். வயிறு காய்ந்த மனுஷனாயிற்றே என்று அண்டாக்கா தட்டு நிறையச் சோறும் வறுத்த மீனும் வைத்தார். கரண்டியும் இரண்டோடு நிற்கவில்லை. காவலாளி ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். மறுநாள் கால் வீங்கி, மூச்சு வாங்கி, வாசலிலேயே விழுந்தார். இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரி. "பட்டினி இவரைக் கொல்லலம்மா. சாப்பாடுதான் கொல்லப் பார்த்துது" என்றார்கள் அங்கே.

அதைப் பற்றி அண்டாக்கா யாரிடமும் பேசியதில்லை. இப்போது பட்டினி கிடப்பது அவருடைய சொந்தத் தம்பி.

தம்பிக்கு உலோகத்தைத் தீட்டும் பிரிவில் வேலை. அங்கே தூசியை உறிஞ்ச ஒரு இயந்திரம் வேண்டும் என்று பதினாறு நாளாக வெறும் தண்ணீரில் இருந்தார். அன்று காலை பத்து மணிக்கு நிர்வாகம் கையெழுத்துப் போட்டது. நாலு மணிக்கு உண்ணாவிரதம் முடியும் என்று அறிவித்தாகிவிட்டது. எதைக் கொடுத்து முடிப்பது?

"உங்க தம்பி, உங்க கை. நாங்க தலையிட மாட்டோம்" என்றார் சங்கச் செயலாளர். அடுத்த மூச்சிலேயே தலையிட்டார். "ஜூஸ் மட்டும் மேனேஜர் கையால குடுத்துடலாம்க்கா. பத்திரிகைக்காரங்க வர்றாங்க."

வாசலில் போட்டிருந்த உண்ணாவிரதப் பந்தலில் தம்பி பெஞ்சில் சாய்ந்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது, நாக்கு மட்டும் இளைக்கவில்லை.

"அக்கா, நாலு முட்டைப் பொரியல். உருளைக்கிழங்கு, நல்லா மொறுமொறுன்னு. அப்புறம் கேக்."

"கேக்கா? உனக்கென்ன பிறந்தநாளா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். பசங்க வாங்கி வெச்சிருக்காங்க. நான் பார்த்துட்டேன்."

"காஞ்ச மாடு கம்புல புகுந்த கதையா ஆயிடும்டா."

தினமும் நாடி பிடித்துப் பார்த்த டாக்டரம்மா காலையில் ரத்தம் எடுத்திருந்தார். பதினோரு மணிக்கு ஒரு வைட்டமின் ஊசியும் போட்டார். பிறகு அண்டாக்காவைத் தனியாக அழைத்துப் போனார்.

"ஜூஸ் வேண்டாம். இவ்வளவு நாள் காஞ்ச உடம்புல சர்க்கரை ஒரேயடியா இறங்கினா, ரத்தத்துல இருக்கற உப்புங்க தாறுமாறாயிடும். இதயம் தாங்காது. நீர்க்கக் குருணைக் கஞ்சி, அரைக் கிண்ணம். ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு அரைக் கிண்ணம். நடுவுல எதுவும் கிடையாது. நாலு நாள் ஆஸ்பத்திரியில என் கண்ணு முன்னாடி இருக்கணும்."

"அரைக் கிண்ணமா? அவ்வளவுதானா, டாக்டரம்மா?"

"அதுவே தாராளம்."

மூன்று மணிக்கு அண்டாக்கா கேன்டீனில் அடுப்பைப் பற்றவைத்தார். இருந்ததிலேயே சின்னப் பாத்திரம் பத்து லிட்டர் பிடிக்கும். அதில் அரைக் கிண்ணக் கஞ்சிக்கான தண்ணீரை விட்டால் அடியில் ஒரு ஈரத்தடம் போலக் கிடந்தது. கேன்டீன் அடுப்பின் தீயில் குருணை வேகுமுன் தண்ணீர் மறைந்து, கரிந்த வாசனை வந்தது. மறுபடி வைத்தார். இந்தத் தடவை கை பழக்கத்தில் உப்பை அள்ளிப் போட்டது. அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பழகிய கை. நாக்கில் வைத்துப் பார்த்து, அப்படியே தொட்டியில் கொட்டினார்.

மணி மூன்று இருபத்தைந்து. சுற்றிலும் பார்த்தார். குழம்பு ஊற்றும் கரண்டி ஆணியில் தொங்கியது. நீளக் காம்பு, குழிந்த வாய். கழுவி, ஒரு பிடி குருணையும் தண்ணீரும் விட்டு, தீயைக் குறைத்து, அதற்கு மேல் கரண்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். வற்ற வற்றச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்தார். இருபத்தைந்து நிமிடம். மணிக்கட்டு கடுத்தபோது கையை மாற்றிக்கொண்டார். உப்பை இரண்டு விரல் நுனியில் எடுத்து, அதிலும் பாதியை உதறிவிட்டுப் போட்டார்.

நாலு மணிக்கு வாசலில் கூட்டம் நெருக்கியது. மேனேஜர் ஆரஞ்சு ஜூஸோடு காமிராக்களைப் பார்த்து நின்றார். தம்பியின் கண் ஜூஸில் இல்லை. அதற்குப் பின்னால் நண்பர்கள் திறந்து வைத்திருந்த கேக் பெட்டியில் இருந்தது. அண்டாக்கா ஒரு கையில் கஞ்சிக் கிண்ணமும் மறு கையில் மிச்சத்தோடு கரண்டியுமாகக் கூட்டத்தைத் தாண்ட முடியாமல் நின்றார்.

வழி விலக்கியது வாசல் காவலாளி.

"அக்காவுக்கு வழி விடுங்கப்பா. பட்டினி கிடந்துட்டு இவங்க கையால சாப்பிட்டு, விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனவன் நான் ஒருத்தன்தான். அந்தப் பெருமையை நான் வேற யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்."

கூட்டம் சிரித்தது. அண்டாக்கா அவர் முகத்தைப் பார்த்தார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கேக் பெட்டியை மூடித் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டு, "சாட்சிப் பொருள், ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்" என்றார். மேனேஜரிடமிருந்து ஜூஸை டாக்டரம்மா வாங்கி, மறுபேச்சில்லாமல் செயலாளர் கையில் திணித்தார். செயலாளர் வேறு வழியில்லாமல் அதைக் குடித்தார். அந்தப் படம்தான் மறுநாள் பத்திரிகையில் வந்தது.

தம்பி ஒவ்வொரு ஸ்பூனாகக் குடித்தார். மூன்றாவது ஸ்பூனில் கண் கலங்கியது. கடைசிச் சொட்டு வரை வழித்துவிட்டு, கிண்ணத்தை நீட்டினார்.

"அக்கா, இன்னும் கொஞ்சம்."

அண்டாக்காவின் கை தானாகக் கரண்டியைச் சாய்க்கப் போனது. கரண்டியில் இன்னும் இரண்டு வாய் மிச்சம் இருந்தது. கரண்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"கிடையாது."

"நீயா சொல்றே?"

"ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதாடா? பதினாறு நாள் இருந்தே. ரெண்டு மணி நேரம் இரு."

இருபத்துமூன்று வருடத்தில் அவர் ஒருவருக்கு இல்லையென்று சொன்னது அதுதான் முதல் தடவை. மிச்சத்தைக் காவலாளியிடம் நீட்டினார். அவர் வாங்கிக் குடித்துவிட்டு, "உப்பு கம்மிக்கா" என்றார்.

ஆஸ்பத்திரி வேன் வந்து நின்றது. தம்பியோடு அண்டாக்காவும் ஏறிக்கொண்டார். மடியில் ஒரு பொட்டலம் குருணை, கையில் அந்தக் கரண்டி. அடுத்த அரைக் கிண்ணம் ஆறு மணிக்கு.