சிதம்பரத்துக்குப் போன கரடி

கடலூரில் யாரிடமும் கற்காமல், நானாகவே விரலை வெட்டி வெட்டி மரம் செதுக்கப் பழகியிருந்தேன். 2009-இல் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து துழாவியபோது, என்னைப் போலவே ஓய்வு நேரத்தில் செதுக்கும் சிதம்பரத்து மருந்துக்கடைக்காரர் ஒருவர் இணையத்தில் அகப்பட்டார். விடுவேனா? வீட்டில் எல்லோரும் மெச்சிய என் வேப்பமரக் கரடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறிவிட்டேன்.

அவர் கரடியை வாங்கினார். அதன் மூக்கைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"தும்பிக்கை எப்ப சார் ஒடைஞ்சுது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதை யானையாகத்தான் ஆரம்பித்தேன் என்பது என் மனைவிக்கே தெரியாது.

"அதெப்படிங்க பார்த்ததும் சொல்றீங்க?"

அவர் சிரித்துக்கொண்டே தன் அலமாரியைத் திறந்தார். உள்ளே ஐந்து கரடிகள் உட்கார்ந்திருந்தன.